ராணி தெரியுதுங்க

பல வருடமாக நான் கவனித்து வரும் பழக்கம் ஒன்று உண்டு. யாராவது விரலை நீட்டி, "அதோ, தெரியுதா?" என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர் கண்ணைச் சுருக்குகிறார். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்கிறார், பிறகு வலப்பக்கம். வாய் லேசாகத் திறக்கிறது. கேட்டவருக்குப் பொறுமை போவதற்குச் சற்று முன்பாக, மிகச் சரியான அந்த நொடியில், "ஆ! தெரியுது, தெரியுது" என்கிறார். நீட்டிய விரல் இறங்குகிறது. இரண்டு பேருக்கும் நிம்மதி.

அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

இந்த இனத்துக்குத் தெரியுதுக்காரர்கள் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். மரக்கிளையில் குருவி, தூரத்தில் கப்பல், மேகத்தில் குதிரை, சுவரில் விரிசல், எதைக் காட்டினாலும் இவர்களுக்குத் தெரியும். இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். குருவியை நிஜமாகவே பார்த்தவர் "தெரியுது" என்று சொல்லிக்கொண்டு நிற்க மாட்டார், "அட, வாலைப் பாரேன்!" என்பார். நம்மவர் வாலைப் பற்றிப் பேச மாட்டார். "தெரியுது" என்பதை இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

இனத்தில் கொஞ்சம் தேறியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். என் தங்கை மகள் உண்டானபோது, ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினாள். கரிச்சட்டியின் அடிப்பாகத்தைப் படம் பிடித்தது போல இருந்தது. "இதோ மூக்கு, தெரியுதா பெரியம்மா?" என்றாள். "தெரியுது, தெரியுது" என்றதோடு விட்டேனா? "அப்படியே உன் மூக்கு!" என்றேன். பக்கத்தில் நின்ற அவள் மாமியார், "எங்க பக்கத்து மூக்கு மாதிரியில்ல இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் அந்த மூக்குக்காக இரண்டு குடும்பமும் இழுபறி நடத்தியது. கடைசியில் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தது தெரியவந்தது.

ஆமாம், நானும் அந்த இனம்தான். சாதாரண உறுப்பினர் இல்லை, தலைவியாக நிற்கத் தகுதி உள்ளவள். பள்ளிக்கூடத்தை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். ஆனால் எல்லாரும் ஒரே குரலில் "புரிஞ்சுது டீச்சர்" என்று பாடுகிற அந்த ஒரு பாடத்தை மட்டும் முழுசாக முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். இப்போது ஒரு சலவைக்கடையின் பின்கட்டில் துணி தேய்க்கிறேன். முன்கட்டில் நிற்க எனக்குக் கூச்சம். எப்போதாவது முதலாளி சாப்பிடப் போகும்போது முன்னால் நிற்க நேர்ந்தால், வாடிக்கையாளர் சட்டையை விரித்து "இந்தக் கறை தெரியுதாம்மா?" என்பார். "தெரியுதுங்க" என்பேன். அவர் போனதும் ஒரு நூல் விடாமல் சட்டை முழுவதையும் தேய்த்துக் கழுவுவேன். எந்த இடம் என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்பதற்கு வாய் வேண்டுமே.

தேனீப் பண்ணைக்கு நான் போனதும் இப்படி ஒரு தலையாட்டலால்தான்.

எங்கள் கடைக்கு அவ்வப்போது ஒரு மூட்டை வெள்ளை அங்கிகள் வரும். உடம்பு முழுக்க மூடுகிற, கழுத்தில் வலைத்தொப்பி தைத்த அங்கிகள். புகை வாசனையும் மெழுகு வாசனையுமாக இருக்கும். நகராட்சித் தோட்டத்துக்குப் பின்னால் தேனீ வளர்க்கிறவர்களுடையவை. ஒரு நாள் மூட்டையைத் திருப்பிக் கொடுக்க நானே போக வேண்டி வந்தது. பண்ணையைப் பார்த்துக்கொள்கிற டாக்டர் வாசலில் நின்றார். டாக்டர் என்றால் பல் டாக்டர். பல் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தேனீக்கு வந்தவர். காலமெல்லாம் ஆட்களை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டுப் பழகியவர் இல்லையா, அதனால் பதிலுக்குக் காத்திருக்கிற வழக்கமே அவருக்கு இல்லை.

"நீங்கதான் இதெல்லாம் தேய்க்கிறதா? அழகா மடிச்சிருக்கீங்க. தேனீ பிடிக்குமா? பிடிக்கும். ஞாயித்துக்கிழமை ஓய்வுதானே? வந்துடுங்க, ஆள் பத்தல. இலவசமா கத்துக்கலாம். பயம் இல்லையே? இல்ல. சரி, வாங்க."

நான் தலையாட்டி முடிப்பதற்குள் சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கினார். "கரப்பான்பூச்சி வந்தா கட்டில்மேல ஏறுவியே, நீயா?"

"தேனீ வேற, கரப்பான் வேறங்க."

"ஆமா. தேனீ கொட்டும்."

ஆனாலும் போனேன். உண்மையைச் சொன்னால், அந்த முகவலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் போன்ற கூச்சக்காரிக்கு அதைவிடச் சுகமான உடை உலகத்தில் கிடையாது. நாம் எல்லாரையும் பார்க்கலாம். நம் முகத்தை யாரும் சரியாகப் பார்க்க முடியாது. கல்யாண வீடுகளுக்கும் இதைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று சட்டம் வந்தால் நான் ஒரு கல்யாணத்தையும் விட மாட்டேன்.

பண்ணையில் என்னோடு சேர்ந்து கற்றுக்கொள்ள வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தையல்காரர். ஊசியில் நூல் கோக்கிற கண் இருக்கிறதே என்று டாக்டர் அவரை ஆசையாகச் சேர்த்துக்கொண்டார். மற்ற இருவர் கணவனும் மனைவியும். வீட்டில் போடுகிற சண்டையைக் காற்றாட வெளியில் போடலாம் என்று வந்தவர்கள் போல இருந்தார்கள். என்னையும் தையல்காரரையும் ஜோடியாக்கித் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த பெட்டியை எங்களிடம் ஒப்படைத்தார் டாக்டர்.

தேனீப் பெட்டி என்பது உள்ளே மரச்சட்டங்களை வரிசையாகத் தொங்கவிட்ட ஒரு சாதாரணப் பெட்டிதான். ஒவ்வொரு சட்டத்திலும் அடை கட்டியிருக்கும். புகை டப்பாவால் லேசாகப் புகை விட்டு, மூடியைத் திறந்து, ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். தேன் இருக்கிறதா, புழு இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக ராணி இருக்கிறாளா. முட்டையிடுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் இல்லாவிட்டால் புதுத் தேனீ பிறக்காது. இருப்பவை வயதாகிச் செத்துப்போக, பெட்டி மெல்ல மெல்லக் காலியாகிவிடும்.

முதல் நாள் டாக்டர் ஒரு சட்டத்தைத் தூக்கினார். அதில் ஒரு கடைத்தெருக் கூட்டம். எல்லாம் ஒரே நிறம், எல்லாம் ஒரே அவசரம், ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் போய்க்கொண்டே இருந்தன.

"அதோ, நடுவுல. நீளமா, வயிறு கூர்மையா. ராணி. தெரியுதா?"

"தெரியுது, தெரியுது" என்றார் தையல்காரர்.

"தெரியுது டாக்டர்" என்றார் கணவர். "எனக்கு முதல்லயே தெரிஞ்சுது" என்றார் மனைவி.

மிச்சம் இருந்தது நான். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? துணி தேய்க்கிறவளுக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று நினைக்க மாட்டார்களா? "தெரியுதுங்க, தெரியுதுங்க" என்றேன். மரியாதைக்கு ஒரு "ங்க" சேர்த்துக்கொண்டேன். பொய்யிலும் பணிவு வேண்டும் அல்லவா?

அப்படியே வாரங்கள் போயின. நான் மற்றதெல்லாம் நன்றாகவே கற்றுக்கொண்டேன். புகை டப்பா அணையாமல் பார்த்துக்கொண்டேன். சட்டத்தை நசுக்காமல் இறக்குவேன். துணி மடிக்கிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. தேனீ சட்டை மேல் உட்கார்ந்தால் அலறாமல் நின்றேன். ராணி விஷயம் மட்டும் வரும்போது தலை தானாகச் சாயும். தையல்காரர் "ராணி இருக்காங்க தங்கச்சி" என்பார். "ஆமாண்ணா, நல்லா இருக்காங்க" என்பேன். காணாத ஒருத்தியின் உடல்நலத்தை இரண்டு பேரும் வாராவாரம் விசாரித்துக்கொண்டோம். டாக்டர் தூரத்திலிருந்து, "குழாயடிப் பெட்டியில ராணி உண்டா? உண்டு. சரி" என்பார்.

வீட்டில் வீட்டுக்காரர் கேட்டார்: "ராணி எப்படி இருக்கும்?"

"நீளமா இருக்கும். வயிறு கூர்மையா இருக்கும்."

"நீ பார்த்தியா?"

"பார்க்காம?"

இதற்குள் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. என்னால் தேனீயைத்தான் பார்க்க முடியவில்லை. மனிதர்களை நன்றாகப் பார்ப்பேன், அதுதான் என் பொழுதுபோக்கு. ஒரு நாள் டாக்டர் "அதோ ராணி" என்றதும், நான் சட்டத்தை விட்டுவிட்டு முகவலைகளைக் கவனித்தேன். தையல்காரரின் வலை சட்டத்தின் மேல்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கணவரின் வலை கீழ்மூலையை. மனைவி சட்டத்தையே பார்க்கவில்லை, கணவரின் முதுகில் இருந்த அழுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் தெரிந்தது. தெரியுது, தெரியுது, தெரியுது. ராணி ஒரே சமயத்தில் மூன்று இடத்தில் இருந்தாள்.

அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. நம் இனத்துக்கு இன்னொருவரின் குட்டு தெரிந்தால் வருவது துணிச்சல் இல்லை, ஆறுதல். அப்பாடா, நான் தனியாள் இல்லை என்று அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

குழாயடிப் பெட்டிக்குத்தான் அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. வாராவாரம் கூட்டம் குறைந்தது. மூடியைத் திறந்தால் வழக்கமான ரீங்காரம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறவர்கள் எழுப்புகிற மாதிரி ஒரு முனகல் எழுந்தது. சும்மா இருந்தவை எல்லாம் கொட்ட வந்தன. டாக்டர் வந்து கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ராணி சரியில்ல. கிழடு தட்டிப் போச்சு. புது ராணிக்குச் சொல்லியிருக்கேன், அடுத்த ஞாயிறு வந்துடும். அதுக்கு முன்னால பழையதைப் பிடிச்சு எடுத்துடணும். பழசு உள்ள இருக்கும்போது புதுசை விட்டா, ஒண்ணு இன்னொண்ணைக் கொன்னுடும். நீங்கதான் வாராவாரம் பார்க்கிறீங்களே? பார்க்கிறீங்க. நீங்களே பிடிச்சுக் குடுங்க."

தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கம்பிக்கூண்டை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுவதும் நான் தேய்த்த துணியில் எத்தனை சுருக்கம் நின்றதோ, வாடிக்கையாளர்களைக் கேட்டால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் தையல்காரரும் பெட்டியைத் திறந்தோம். எல்லாச் சட்டத்தையும் தூக்கினோம். திருப்பினோம். மறுபடியும் தூக்கினோம்.

"நீங்க பார்க்கிற இடத்துல இருக்காங்களா தங்கச்சி?" என்றார் தையல்காரர்.

"நீங்க வழக்கமா எந்த இடத்துல பார்ப்பீங்கண்ணா?"

அவர் கையிலிருந்த சட்டத்தை இன்னொரு தடவை திருப்பினார். பிறகு முகவலைக்குள்ளிருந்து தணிந்த குரலில், "பொதுவா அந்தப் பக்கம்" என்றார். வானம் உட்பட எல்லாப் பக்கமும் அதில் அடங்கியது.

அப்போதுதான் ஒரு சட்டத்தின் ஓரத்தில் மற்றவற்றைவிடப் பருத்த ஒரு தேனீ மெதுவாக நடந்து போனது. ஆண் தேனீ. கண் பெரிசு, உச்சந்தலையில் வந்து ஒட்டியிருக்கும், வயிறு மொண்ணை. முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை நான் நிஜமாகவே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

"இது கொஞ்சம் பெரிசா இருக்கே" என்றார் தையல்காரர்.

"பெரிசாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன, கூண்டுல போட்டு மூடிடுங்க."

மூடிவிட்டேன். ஆமாம், தெரிந்தேதான். அந்த நொடியில் ராணி என்று எதையாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினால் போதும் என்று இருந்தது. எப்படியும் டாக்டர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துத் திட்டப்போகிறார்; திட்டினால் "ஐயோ, மாறிப்போச்சுங்க" என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்பதுதான் கணக்கு.

டாக்டர் கூண்டை வாங்கி முகத்துக்கு எதிரே பிடித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார். பிறகு வலப்பக்கம். உள்ளே இருந்த ஆண்பிள்ளை டுர்ரென்று கத்தினான்.

"ஆ, தெரியுது, தெரியுது" என்றார் டாக்டர். "இதான். நல்லா வளர்ந்திருக்கா."

என் குரலை வேறொருவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அவ்வளவு மோசமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

டாக்டர் பையிலிருந்து இன்னொரு கூண்டை எடுத்தார். புது ராணி. கூடச் சில பணிப்பெண் தேனீக்கள். கம்பிக்குள், பளிச்சென்ற வெளிச்சத்தில், நீள வயிறும் குட்டைச் சிறகுமாக அவள் நடந்தாள். மற்றவை விலகி வழிவிட்டன. இவளைப் பார்த்தும் தெரியாமல் இருக்கவே முடியாது என்று அப்போது புரிந்தது. இத்தனை நாளில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. பழையவள் உள்ளே இருக்கிறாளா, செத்தாளா, எப்போது போனாள், ஒன்றும் யாருக்கும் தெரியாது. இருந்தால் இவள் வெளியே வந்த அன்றைக்கே சாவு. இவளும் போனால் பெட்டியும் போயிற்று. டாக்டர் கூண்டைத் தொங்கவிடக் குனிந்தார்.

"டாக்டர்" என்றேன்.

"என்ன? ஒண்ணுமில்ல. சரி."

"இருக்குங்க. கொஞ்சம் நில்லுங்க." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் குடுத்தது ராணி இல்லைங்க. ஆண் தேனீ. தெரிஞ்சேதான் குடுத்தேன். இந்தப் பெட்டியில நான் ராணியைப் பார்த்ததே இல்லைங்க. ஒரு வாரம்கூட."

டாக்டர் நிமிர்ந்தார். முதல் தடவையாக ஒரு பதிலை முழுசாகக் கேட்டார்.

"அப்ப தையல்காரர் பார்த்திருப்பாரே?"

தையல்காரர் புகை டப்பாவை ரொம்ப அக்கறையாக ஊதினார். பிறகு, "தங்கச்சி பார்க்கிறாங்களேன்னு இருந்துட்டேங்க" என்றார். "எனக்கு ஊசி தெரியும். இது ஓடுதே."

பக்கத்துப் பெட்டியில் இருந்த மனைவி திரும்பினார். "எனக்கும் தெரியலதான். நான் ஏன் பொய் சொல்லணும்?"

"போன வாரம் வரைக்கும் தெரியுதுன்னு சொன்னியே!" என்றார் கணவர்.

"நீங்க பேசாதீங்க. எதிர்ல இருக்கிற உப்பு டப்பா தெரியாத மனுஷன், ராணி தெரியுதாம் ராணி!"

எல்லாரும் டாக்டரைப் பார்த்தோம். அவர் முகவலையைத் தூக்கினார். முகம் சிவந்திருந்தது.

"என் கண்ணாடியை இதுக்குள்ள போட்டா ஆவி படியுது" என்றார். "அதனால கழட்டி வச்சுட்டு வருவேன். சட்டத்துல எங்க கும்பலா இருக்கோ அங்க விரலைக் காட்டுவேன். நீங்க எல்லாரும் தெரியுதும்பீங்க. சரி, இருக்கா போலன்னு நினைச்சுக்குவேன். நீங்க பார்க்கிறதை வச்சுத்தான் நான் ஓட்டிட்டிருந்தேன்."

நாங்கள் அவர் பார்ப்பதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். ராணி எங்கள் யாரை வைத்தும் ஓட்டாமல் எப்போதோ போயிருந்தாள்.

பிறகு நடந்தது வேலை. டாக்டர் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, ஆவி படியப் படியத் துடைத்து, வேறொரு பெட்டியிலிருந்து முட்டை உள்ள ஒரு சட்டத்தைத் தேடி எடுத்துக் குழாயடிப் பெட்டிக்குள் வைத்தார். ராணி இல்லாத கூட்டமாக இருந்தால் அந்த முட்டையிலிருந்து தானே ஒரு ராணியை வளர்க்கப் பார்க்கும்; அதற்கென்று தனியாக அறை கட்டும். ராணி இருந்தால் கட்டாது. மனிதர்களைக் கேட்பதைவிடத் தேனீயைக் கேட்பது மேல் என்றார். அதுவரை புது ராணியைக் கூண்டோடு தன் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சொட்டுத் தண்ணீர் காட்டிக் காப்பாற்றினார். சில நாள் கழித்துத் திறந்தோம். நிலக்கடலை போல அறைகள் தொங்கின. அவற்றை எடுத்துவிட்டு, கூண்டின் வாயைச் சர்க்கரைப் பாகுக் கட்டியால் அடைத்துப் புது ராணியைச் சட்டங்களுக்கு நடுவே தொங்கவிட்டோம். தேனீக்கள் அந்தக் கட்டியைத் தின்று தின்று, அவள் வாசனைக்குப் பழகி, கதவைத் தாங்களே திறந்துவிட்டன.

எங்கள் இனம் அதோடு திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? அதெப்படி? இப்போது பண்ணையில் புதிய நாகரிகம் வந்திருக்கிறது. "தெரியல" என்று சொல்வதுதான் பெருமை. கணவர் சட்டத்தைத் தூக்குவதற்கு முன்பே "தெரியல டாக்டர்" என்று முழங்குகிறார். மனைவி "எனக்கு அதுகூடத் தெரியல" என்கிறார். போன வாரம் சேர்ந்த ஒருவர், டாக்டர் சட்டத்தில் தேன் இருக்கும் இடத்தைக் காட்டியபோது, கையில் தேன் ஒழுக ஒழுக, "உண்மையைச் சொல்லணும்னா எனக்குத் தெரியலைங்க" என்றார். எல்லாரும் அவரைப் பாராட்டினோம்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்று இப்போது உங்களுக்கே உறுதியாகத் தோன்றியிருக்கும். நல்லது. நாளைக்கு ஒருவர் தன் போனை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, "பின்னால நிக்கிறது யாருன்னு தெரியுதா?" என்று கேட்பார். என்ன சொல்கிறீர்கள் என்று பார்ப்போம். அந்த நேரத்தில் நானும் பக்கத்தில் இருந்தால், படத்தைப் பார்க்க மாட்டேன். உங்களைத்தான் பார்ப்பேன்.

இன்றைக்கு நிலவரம் இதுதான். குழாயடிப் பெட்டி பிழைத்துவிட்டது, கூட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சட்டத்தைச் சாய்த்தால், அறையின் அடியில் நூல் துணுக்கு போல முட்டை நிற்பது எனக்குத் தெரிகிறது. டாக்டர் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சட்டத்தைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். ராணி உள்ளே இருக்கிறாள். கூண்டை விட்டுப் போன பிறகு அவளை நான் இன்னும் பார்க்கவில்லை.